மேற்கே விழுந்த நிழல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். கீழே அறுவடை முடிந்த சோள வயல்கள், மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாத நெப்ராஸ்கா வானம், நடுவில் ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் நான். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தார். நான் குடித்திருக்கவில்லை. தூங்கவில்லை. இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் தம்பிமேல் ஆணையாக, நடந்தது இதுதான்.

என் பெயர் ஜோலீன் ஹவ்லிக். அப்போது நெடுஞ்சாலைப் போலீசில் இருந்தேன். என் வேலை ஆகாயத்தில். நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றில் ஏறி, சாலையில் வேகமாகப் போகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது.

எப்படி என்று கேட்பீர்கள். நெடுஞ்சாலையில் கால் மைலுக்கு ஒன்றாகக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருக்கும். வண்டி ஓட்டுகிறவர்கள் தினமும் அதன்மேல்தான் போகிறார்கள். எதற்கென்று யாரும் யோசிப்பதில்லை. முதல் கோட்டை வண்டி தொட்டதும் என் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். அடுத்த கோட்டைத் தொட்டதும் மறுபடி அழுத்துவேன். பன்னிரண்டு நொடி என்றால் மணிக்கு எழுபத்தைந்து மைல், யோக்கியமான ஆள். அதற்குக் கீழே போனால் அவருக்குக் கெட்ட நாள்.

பிடிப்பது நான் இல்லை. கீழே, சாலைக்கு ஏறும் சரிவில் ஒரு ரோந்து வண்டி காத்திருக்கும். அதில் இருப்பவருக்கு எந்த வண்டி, என்ன வேகம், ஒன்றும் தெரியாது. நான் வயர்லெஸ்ஸில் நிறமும் அடையாளமும் சொல்வேன். அவர் போய் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வார். மேலேயிருந்து பார்த்து நான் "அதுதான்" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் தரையில் யாரும் யாரையும் நிறுத்த மாட்டார்கள். சொல்லிவிட்டால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். விமானம் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வேலையின் அடிப்படையே அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலேயிருந்து பார்த்தால் ரோந்து வண்டிகள் எல்லாம் ஒரே அச்சு. அதனால் ஒவ்வொன்றின் கூரையிலும் பெரிதாக எண் எழுதியிருக்கும். தரையில் இருப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு மட்டும்தான் அது.

முப்பத்தெட்டு, என் தம்பி கர்ட்டின் வண்டி.

*

அக்டோபர், சனிக்கிழமை. லிங்கனில் கால்பந்துப் போட்டி முடிந்து, எங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்ட பாதி மாநிலமும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். ஜெயித்துவிட்டால் ஒருவனுக்கும் கால் பிரேக்கில் இருக்காது. எங்களுக்கு நல்ல வேட்டை.

விமானத்தை ஓட்டியவர் ஆர்லோ. ஓய்வு பெற மூன்று வாரம்தான் பாக்கி. நான் கொண்டுபோயிருந்த கொலாச் பன்னில் நான்கைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கிவிட்டு, விக்கல் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"ஹிக்... கசகசா வெச்சது இன்னும் ஒண்ணு இருந்துச்சே?"

"முதல்ல விக்கல் நிக்கட்டும் ஆர்லோ."

"நிக்கிறதுக்குத்தான் கேக்கறேன். ஹிக்."

கீழே சரிவில் கர்ட். நாலு மணி ஐந்து நிமிடம் இருக்கும், அவன் குரல் வந்தது.

"மேல இருக்கற கடவுளே, கேக்குதா?" என்னை அப்படித்தான் கூப்பிடுவான், கொழுப்பு.

"சொல்லு."

"அக்கா, வயர்லெஸ்ல யாரோ ஒரு பொம்பள கத்தறா. உனக்குக் கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆர்லோவைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சொல்றா?"

"புரியல. காத்துல கிழிஞ்சு கிழிஞ்சு வருது. போகாத, போகாதன்னு..."

"உம் பொண்டாட்டியா இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்காச்சும் வீட்டுக்கு வாடான்னு கூப்பிடறா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பன்னிரண்டு. மேற்கிலிருந்து ஒரு பச்சை பிக்கப் வண்டி. பழசு. பின்பெட்டியில் கிழிந்த சிவப்புத் தார்ப்பாய் ஒன்று அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. வேகத்தைப் பார்த்ததும் கை தானாக ஸ்டாப்வாட்சுக்குப் போனது.

முதல் கோடு. அழுத்தினேன். இரண்டாவது கோடு. அழுத்தினேன்.

ஒன்பதரை நொடி.

மைக்கை அழுத்திப் பேசினேன். "கர்ட், பச்சை பிக்கப். பின்னால சிவப்புத் தார்ப்பாய். தொண்ணூத்தி நாலு."

"ஹிக்," என்றார் ஆர்லோ என் காதோரமாக. "தொண்ணூத்தி நாலா? அந்தத் தகர டப்பாவா?"

சரிவிலிருந்து ஒரு ரோந்து வண்டி ஏறியது. கூரையில் முப்பத்தெட்டு. வேகமெடுத்து பிக்கப்பின் பின்னால் போய் ஒட்டியது.

"அதேதான். அதுதான். நிறுத்து."

மேம்பாலத்தைத் தாண்டி இரண்டும் ஓரம் கட்டி நின்றன. தொப்பி போட்ட உருவம் இறங்கியது. பிக்கப்பின் பின்கதவை உள்ளங்கையால் தட்டியது. இரண்டு தட்டு. போலீஸ்காரர்கள் நிறுத்திய வண்டியை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் கைரேகையாவது அந்த வண்டியில் மிஞ்சட்டும் என்பதற்கு. எல்லோரும் ஒரு தரம் தொடுவார்கள். இரண்டு தரம் தட்டுவது கர்ட் மட்டும்தான்.

பிறகு அந்த உருவம் தலையை நிமிர்த்தி, தொப்பியைக் கழற்றி, எங்களைப் பார்த்து ஆட்டியது.

"என்ன இவன், டாட்டா காட்டறான்?" என்றேன்.

ஆர்லோ வட்டம் போடுவதற்காக இறக்கையைச் சாய்த்தவர், சாய்த்தபடியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோலீன்... நிழலைப் பாரு."

பார்த்தேன். சாயங்கால வெயில். மேம்பாலத்தின் நிழல், கம்பங்களின் நிழல், போகிற வண்டிகளின் நிழல் எல்லாம் கிழக்கே நீண்டு கிடந்தன.

அந்த இரண்டு வண்டிகளின் நிழல் மட்டும் மேற்கே கிடந்தது.

காலையில் விழுகிற மாதிரி.

அந்த மனிதனின் நிழலும் அப்படியே.

"அக்கா?" கர்ட்டின் குரல். "தூங்கிட்டியா? ரொம்ப நேரமா சத்தத்தையே காணோம்."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நீ... எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? சரிவுலதான். நீ எதாவது சொன்னாத்தான நகர முடியும்."

திரும்பிப் பார்த்தேன். சரிவில் முப்பத்தெட்டு நின்றது. அசையாமல். நிழல் கிழக்கே.

முன்னால் பார்த்தேன். மேம்பாலத்துக்கு அப்பால் முப்பத்தெட்டு நின்றது. நிழல் மேற்கே.

அப்போது அந்த லாரி வந்தது. வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் நீலப் பட்டை. சாலையின் ஓரக் கோட்டைத் தாண்டியது. மெதுவாக. தூங்குகிறவன் தலை சாய்கிற மாதிரி.

முப்பத்தெட்டை இடித்தது.

பிக்கப்பை இடிக்கவில்லை.

நடுவில் நின்றவன்...

நான் கத்தினேன்.

கண் சிமிட்டினேன். அவ்வளவுதான். மேம்பாலத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. சிவப்புச் சட்டைக்காரர்களின் கார்கள் அந்த இடத்தின் வழியாகச் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன.

விமானத்துக்குள் இஞ்சின் சத்தம் மட்டும். ஆர்லோவுக்கு விக்கல் நின்றிருந்தது.

*

இறங்கியதும் ஆர்லோ என்னை விமானக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவர் சிகரெட்டைப் பற்றவைக்க நான்தான் உதவினேன்.

"நீங்களும் பாத்தீங்கல்ல?"

"நிழலைப் பாத்தேன். அதுக்கப்புறம் நான் பாக்கல. பாக்க மனசு வரல."

"மேல சொல்லணும் ஆர்லோ."

"என்னன்னு சொல்லுவ? பொண்ணே, நான் முப்பது வருஷம் பறந்தவன். இத நீ சொன்னேன்னு வெச்சுக்கோ, நாளைலேருந்து உன்னைத் தரையில உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் அவனுக்கு மேல யாரு இருப்பா?"

அதனால் நான் மேலிடத்தில் சொல்லவில்லை. அவர் மூன்று வாரத்தில் ஓய்வு பெற்று, வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்ச் சேர்ந்தார். போகும்போது என்னிடம் விடைபெறக்கூட வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

கர்ட்டிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவன் வீட்டுச் சமையலறையில், அவன் தட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருக்கும்போது. எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வண்டி, தார்ப்பாய், மேம்பாலம், லாரி. காலை நேரம் என்பதையும் சொன்னேன். எந்த நாள் என்றுதான் தெரியவில்லை.

அவன் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"நான் டாட்டா காட்டுனேனா?"

"ஆமாண்டா."

"தொப்பியக் கழட்டியா?"

"ஆமா."

"அப்ப அது நானில்ல. எனக்கு முன்னால வழுக்க விழுந்ததுலேருந்து நான் எங்கயாவது தொப்பியக் கழட்டிப் பாத்திருக்கியா?"

"கர்ட், விளையாடாத. எனக்குக் கை கால் ஓடல."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். சின்ன வயசில் இடி இடித்தால் என் கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொள்கிறவன் அவன். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி. நான் என்ன பண்ணணும், சொல்லு."

"காலை ஷிஃப்ட் வேண்டாம். சாயங்காலத்துக்கு மாத்திக்கோ."

"மாத்திக்கறேன்."

"பச்சை பிக்கப் எதையும் நிறுத்தாத."

"நெப்ராஸ்கால பாதிப் பேரு பச்சை பிக்கப்தான் வெச்சிருக்கான். சரி, இப்படி வெச்சுக்குவோம். நீ சொல்லாம எந்தப் பச்சை வண்டி பின்னாலயும் போக மாட்டேன். நீ உன் வாயால 'அதுதான்'னு சொன்னாத்தான் போவேன். போதுமா?"

போதும் என்றேன். அதைவிடப் பத்திரம் எது? என் நாக்கு என் வாய்க்குள்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

*

நவம்பர். தாங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாளுக்கு முந்தின புதன்கிழமை. வான்கோழி தின்னப் போகிற கூட்டம் முழுக்கச் சாலையில் இருக்கும் நாள். விடுப்பு கிடையாது, ஷிஃப்ட் பார்ப்பது கிடையாது, எல்லோரும் காலையிலேயே வர வேண்டும். கர்ட்டும்.

விமானத்தில் அன்றைக்கு என் முறை இல்லை. கர்ட்டும் காலையில் வருகிறான் என்று கேட்டதும் ஓடிப்போய், முறை இருந்தவரிடம் கெஞ்சி, அந்த இருக்கையை வாங்கினேன். நான் மேலே இருந்தால் நான் சொன்னால்தான் அவன் நகர்வான். நான் சொல்லப் போவதில்லை. கணக்கு சரியாக இருந்தது.

விமானத்தை ஓட்டியவன் பிரென்ட். சின்னப் பையன். வாயில் சூயிங்கம், பேச்சு கிடையாது. ஆர்லோவின் இடத்துக்கு வந்தவன்.

குளிர். பளீரென்ற வெயில். நிழல்கள் எல்லாம் மேற்கே விழுந்துகிடந்தன.

"குட்மார்னிங் கடவுளே," என்றான் கர்ட் சரிவிலிருந்து.

"கர்ட், சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ சொல்லாம அசைய மாட்டேன்."

ஒன்பது மணி வரை நான்கு வண்டி பிடித்தோம். வெள்ளை, கறுப்பு, வெள்ளி, நீலம். நான்கையும் வேறு ரோந்து வண்டிக்குக் கொடுத்தேன். கர்ட்டை அசைய விடவில்லை. அவன் சலித்துக்கொண்டான். சலித்துக்கொள்ளட்டும்.

ஒன்பதே கால் இருக்கும். மேற்கிலிருந்து வந்தது.

பச்சை.

பின்பெட்டியில் கிழிந்த சிவப்புத் தார்ப்பாய். படபடவென்று.

"அது பறக்குது," என்றான் பிரென்ட். "நேரம் எடுக்கலயா?"

"இல்ல."

"நூறு கிட்ட இருக்கும்போல..."

"விடு. போகட்டும்."

ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டேன். மைக்கிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், பிள்ளைகள் உட்காருகிற மாதிரி. உதட்டைக் கடித்துக்கொண்டேன். முதல் கோட்டைத் தாண்டியது. இரண்டாவது கோட்டைத் தாண்டியது. சரிவைத் தாண்டியது. போ. போய்த் தொலை. போய்விட்டது...

சரிவில் முப்பத்தெட்டு அசைந்தது.

"சரிக்கா," என்றான் கர்ட். "பச்சை, சிவப்புத் தார்ப்பாய். பாத்துட்டேன்."

நான் வாயே திறக்கவில்லை.

மைக்கைப் பிடித்தேன். "கர்ட்! நான் சொல்லல! திரும்பு!"

அவன் வேகமெடுத்தான். பிக்கப்பின் பின்னால் போய் ஒட்டினான்.

"கர்ட்!"

"நிச்சயமாத் தெரியுமாக்கா? நீதான் பச்சை வேணாம்னு..." நிறுத்தினான். எதையோ கேட்கிறவன் மாதிரி நிறுத்தினான். "சரி. நீ சொன்னா சரி. நிறுத்தறேன்."

"யாரு சொன்னா? நான் சொல்லல! போகாத! கர்ட், போகாத!"

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. பிரென்ட் தன் மைக்கில் கத்தினான். பதில் இல்லை. தலைமை அறையைக் கூப்பிட்டான். பதில் இல்லை.

மேம்பாலம். இரண்டு வண்டியும் ஓரம் கட்டின.

"கீழ இறக்கு!" என்றேன். பிரென்ட் விமானத்தின் மூக்கை அமுக்கி, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி, கம்பங்களின் உயரத்துக்குக் கொண்டுவந்தான்.

கர்ட் இறங்கினான்.

பின்கதவைத் தட்டினான். இரண்டு தட்டு.

எங்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். நான் கண்ணாடியை இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தேன். அவன் முகம் எனக்குத் தெரிந்தது. சிரித்தான்.

தொப்பியைக் கழற்றினான். என் தம்பி, வழுக்கைக்கு வெட்கப்படுகிறவன். கழற்றி ஆட்டினான்.

விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

லாரி வந்தது.

வெள்ளைப் பெட்டி.

நீலப் பட்டை.

"போகாத," என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "போகாத. போகாத. போகாத..."

இந்தத் தடவை நான் கண் சிமிட்டினேன். எத்தனையோ தரம் சிமிட்டினேன்.

எதுவும் மறையவில்லை.

*

லாரிக்காரர் தூங்கிவிட்டாராம். பிக்கப்காரருக்கு ஒரு கீறல் இல்லை. கர்ட்டைப் புதைத்த மறுவாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் தலைமை அறையில் நாடாவில் பதிவாகும். என்னையும் பிரென்ட்டையும் உட்காரவைத்து, லெப்டினன்ட் அதைப் போட்டார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல்தான் பொத்தானை அழுத்தினார்.

என் குரல். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. சாதாரணமாக வேலை பார்க்கிற குரல்.

"கர்ட், பச்சை பிக்கப். பின்னால சிவப்புத் தார்ப்பாய். தொண்ணூத்தி நாலு."

பிறகு கர்ட்டின் பதில். பிறகு மறுபடி நான்.

"அதேதான். அதுதான். நிறுத்து."

என் கத்தல் ஒன்றுகூட அதில் இல்லை. பிரென்ட்டின் கத்தலும் இல்லை.

"இவங்க சொல்லல சார்," என்றான் பிரென்ட். அவன் உதடு வெளுத்திருந்தது. "பைபிள்மேல அடிச்சுச் சொல்றேன். கையத் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. வாயத் தொறக்கவே இல்ல."

"இது உன் குரல்தான ஜோலீன்?" என்று கேட்டார் லெப்டினன்ட் மெதுவாக.

"என் குரல்தான் சார். இன்னொரு தரம் போடுங்க."

போட்டார். இந்தத் தடவை என் குரலைக் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் இருப்பதைக் கேட்டேன்.

"...தொண்ணூத்தி நாலு."

"ஹிக்."

அப்புறம், மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி: "தொண்ணூத்தி நாலா? அந்தத் தகர டப்பாவா?"

லெப்டினன்ட்டின் கை பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. ஆர்லோவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். அந்தப் புதன்கிழமை காலையில் ஆர்லோ அரிசோனாவில், ஆயிரம் மைலுக்கு அப்பால், தன் வண்டிவீட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே போன் போட்டு விசாரித்தார்கள்.

அக்டோபரில் நான் சொன்ன வார்த்தைகள் அவை. அன்றைக்குக் கர்ட்டுக்குக் கேட்காத வார்த்தைகள். ஒரு மாதம் எங்கேயோ இருந்துவிட்டு, அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவன் வாக்குத் தவறவில்லை. என் வாயால் நான் சொன்ன பிறகுதான் போனான்.

அக்டோபர் சனிக்கிழமையின் நாடாவையும் போடச் சொன்னேன். வேண்டாம் என்றார் லெப்டினன்ட். பிடிவாதம் பிடித்தேன்.

நாலு பன்னிரண்டுக்கு வெறும் இரைச்சல்தான் இருந்தது. நான் பச்சை வண்டியைச் சொன்ன இடம் காலி. அவரே நாடாவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார்.

நாலு ஐந்து.

"...அக்கா, வயர்லெஸ்ல யாரோ ஒரு பொம்பள கத்தறா. உனக்குக் கேக்குதா?"

அவன் குரலுக்குப் பின்னால், மெல்லிசாக, காற்றில் கிழிந்து கிழிந்து, ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

போகாத. கர்ட், போகாத. போகாத...

கூடவே ஓர் ஆண் குரல், பிரென்ட்டின் கத்தல். பிரென்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே ஓடினான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். நவம்பரில் நான் கத்தியது கர்ட்டுக்கு அக்டோபரிலேயே கேட்டிருக்கிறது. கேட்டு, என்னிடமே சொல்லியிருக்கிறான்.

நாடா ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வருவது என் குரல் என்று எனக்குத் தெரியும்.

"உம் பொண்டாட்டியா இருக்கும்," என்றது அது. பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம்.